நாலாவது கேள்விக்குப் பதில்

சாய்ந்தமருது
10.09.2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மாவுக்கு முழங்கால் வலி வழமை போல. உங்கள் சுகத்துக்கு ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். இருமல் குறைந்ததா? மலைக் குளிருக்கு அனுப்பிய சாம்பல் நிறச் சுவெட்டர் உங்கள் கைக்கு வந்ததா, அல்லது அதுவும் சிறை வாசலிலேயே நின்றுவிட்டதா?

சிபானாவின் கலியாணம் போன மாதம் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை றஸ்மி நிந்தவூர் ஆள், அதிகம் கதைக்க மாட்டார். தங்கச்சி முகத்தில் சிரிப்பு இருக்கிறது. அதைப் பற்றி இவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பாதியில் விட்டுப்போன அம்பிளிபயரை நான் முடித்துவிட்டேன். சிரிக்க வேண்டாம். கலியாணம் முடித்து எட்டு வருஷம் உங்களுக்குப் பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஈயம் வைக்கத் தெரியாதா? றெஸிஸ்டர்களின் நிறக் கோடுகளைத் தையல் நூல் மாதிரி தரம் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பூட்டினேன். பள்ளிவாசல் மஜீட் நானா நோன்புக்கு முன் வேண்டும் என்கிறார். இமாம் ஓதுவதைப் பள்ளியிலிருந்து வயரில் கொண்டுவந்து, பெண்கள் தறாவீஹ் தொழுகிற மண்டபத்தில் கேட்க வைக்கத்தானே அதை உங்களிடம் கேட்டிருந்தார். சோதித்துப் பார்க்கப் பள்ளியின் பழைய மிக்ஸரையும் தந்திருக்கிறார். "ஜவுபர் உள்ளுக்க போயிட்டாரு, வேற ஆளுக்குக் குடுங்க எண்டு நாலு பேர் செல்றாங்க புள்ள. நான் பொறுத்துப் பாக்கன்" என்றார்.

பூட்டி முடித்துக் கரண்ட் கொடுத்தேன். புகை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஓதலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்கிறது, தகரத்துக்குள் வண்டு புகுந்த மாதிரி. மூன்று நாளாகத் தேடிக் களைத்துப் போனேன். என்ன செய்வது என்று எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் றினோஸா


27.09.2023

அன்பின் றினோஸாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். சுவெட்டர் கிடைத்தது. மாமிக்கு ஸலாம் சொல்லு. சிபானாவுக்கும் மாப்பிள்ளைக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சவளக்கடை வளைவில் வான் ஓட்டிக்கொண்டு கண்ணயர்ந்து, அந்தச் சைக்கிள்காரரை நான் அடித்துப்போட்ட நாளிலிருந்து, எனக்குச் சந்தோஷம் வந்த முதல் நாள் இது. ஒரு மனிதரின் உயிரை எடுத்தவன் சந்தோஷப்படலாமா என்றும் தெரியவில்லை.

பதிலை முதலில் படம் கீறித்தான் எழுதினேன். வாசலில் எடுத்துவிட்டார்கள். வயரும் டிரான்ஸ்போமரும் கோடு கோடாக இருந்ததைப் பார்த்து, இது என்ன குண்டா என்று ஒருவர் கேட்டார். என் தாடியையும் பார்த்தார். தமிழ்க் கடிதம் வாசிக்கிற உத்தியோகத்தர் பூபாலசிங்கம் ஐயா வந்துதான், "படம் வேணாம், வசனத்தில எழுதும்" என்று காப்பாற்றினார். அவர் கிழமைக்கு ஒருநாள்தான் வருவார், கடிதம் பிந்துவது அதனால்தான். போனுக்கு நீண்ட வரிசை. பின்னால் நிற்கிறவன் முதுகில் தட்டிக்கொண்டே இருப்பான். அதில் உன்னோடு என்னத்தைக் கதைக்கிறது?

ஆகவே வசனத்தில் கேட்கிறேன். ஒன்று: வொலியூமை முழுக்கக் குறைத்தால் இரைச்சல் போகிறதா? இரண்டு: மிக்ஸரிலிருந்து வருகிற வயரைக் கழற்றினால் போகிறதா? இந்த இரண்டை மட்டும் பார். ஒரே நாளில் பத்து இடத்தைக் கிண்டாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

வருகிற ஓகஸ்ட்டில் விடுவார்கள் என்கிறார்கள். என் உம்மாவின் வீட்டைக் கடல் கொண்டுபோய் இருபது வருஷம் ஆகப்போகிறது. முன்னறை ஜன்னலோரம் நிற்கிற அந்த வேலை மேசையைத் தவிர எனக்குப் போக ஓர் இடமில்லை. அதில் இப்போது நீ வேலை செய்கிறாய் என்று நினைத்தால் கொஞ்சம் நித்திரை வருகிறது.

வஸ்ஸலாம்.
ஜவுபர்


சாய்ந்தமருது
08.10.2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் எல்லோரும் இருக்கிறோம். வெக்கை தாங்க முடியவில்லை. உங்கள் குளிரில் பாதியை இங்கே அனுப்பச் சொல்லி அந்தப் பூபாலசிங்கம் ஐயாவிடம் கேளுங்கள். அவருக்கு என் நன்றியையும் சொல்லுங்கள். இதையும் அவர்தானே வாசிப்பார், ஆகவே நேரே சொல்கிறேன்: நன்றி ஐயா.

ஒன்று: வொலியூமைக் குறைத்தால் போகிறது, கூட்டினால் கூடுகிறது. இரண்டு: வயரைக் கழற்றினால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பக் கொழுவினால் வண்டு வந்துவிடுகிறது.

மேசையைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன்.

தையல் வேலையும் இருக்கிறது, பாடசாலைச் சீருடைகள். பகல் முழுக்க மெசின், பின்னேரம் அம்பிளிபயர். உம்மா ஏசுகிறா. "ஆம்புளட வேலையத் தூக்கி மடியில வெச்சிக்கிட்டு என்ன செய்யப் போறாய் நீ?" என்கிறா.

வஸ்ஸலாம்.
றினோஸா


25.10.2023

அன்பின் றினோஸாவுக்கு,

உன் ஸலாத்துக்குப் பதில் ஸலாம். உடம்புக்குப் பரவாயில்லை. தச்சு வேலைப் பகுதியில் போட்டிருக்கிறார்கள், மரத்தூளில் இருமல் கொஞ்சம் கூட.

நீ பூட்டியதில் பிழையில்லை. வயரைக் கழற்றியதும் சத்தம் நின்றால் அம்பிளிபயர் சுத்தம் என்று அர்த்தம். இதை நான் செய்திருந்தாலும் இதைவிடத் திறமாகச் செய்திருக்க மாட்டேன். இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. இன்னும் இரண்டைப் பார். மூன்று: புது ஷீல்ட் வயர் ஒன்றைப் போட்டு, அதை டிரான்ஸ்போமருக்குக் கிட்டே விடாமல் கொண்டுபோ. நாலு: அம்பிளிபயரையும் மிக்ஸரையும் ஒரே பிளக் பொயின்ட்டில் குத்திப் பார்.

மாமி ஏசினால் ஏசட்டும். பெண்ணைக் கொடுத்து வீட்டையும் கொடுத்தவ, மருமகன் இப்படிப் போனால் யாருக்கும் மனம் எரியும்தானே.

வஸ்ஸலாம்.
ஜவுபர்


சாய்ந்தமருது
03.12.2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்து மாறியது. இப்போது சுகம். மரத்தூளுக்கு வாயில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கல்முனைக்குப் போய்ப் புது ஷீல்ட் வயர் வாங்கிவந்து போட்டேன். டிரான்ஸ்போமருக்குத் தள்ளித்தான் கொண்டுபோனேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு பார்த்தால் குறையவில்லை, என் காதுதான் களைத்திருக்கிறது.

மழை தொடங்கிவிட்டது. மஜீட் நானா வந்து கேட்டுவிட்டுப் போனார். சிபானா நல்ல சந்தோஷமாக இருக்கிறாள். கடைத்தெருவில் றோட்டைத் திரும்பவும் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். வேறு எழுத ஒன்றும் இல்லை.

வஸ்ஸலாம்.
றினோஸா


20.12.2023

அன்பின் றினோஸாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். காய்ச்சல் என்றதும் மனம் கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிடு, மெசினைக் கொஞ்ச நாளைக்கு மூடி வை.

நீ மூன்றாவதற்குப் பதில் எழுதியிருக்கிறாய். நாலாவதற்கு எழுதவில்லை. உண்மையைச் சொன்னால் நான் அதைக் கவனிக்கவே இல்லை. பூபாலசிங்கம் ஐயாதான் கடிதத்தைத் தரும்போது, "உம்மட மனிசி நாலாவது கேள்விக்குப் பதில் எழுதல்லயே காணும்" என்றார். உன் இரைச்சலை அவர் நாடகத் தொடர் மாதிரிப் பின்தொடர்கிறார். இரைச்சல் நின்றதா என்று கேட்டுத்தான் கடிதத்தை நீட்டுவார்.

மேசைப் பலகையில் நான் பூட்டிய ஆறு பொயின்ட்டும் ஒரே லைன்தான். எந்த இரண்டில் குத்தினாலும் சரி. ஒரு நிமிஷ வேலை. செய்துவிட்டு எழுது.

வஸ்ஸலாம்.
ஜவுபர்


சாய்ந்தமருது
14.01.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். சுகம். வெள்ளம் வளவுக்குள் ஏறி நாலு நாள் நின்று இப்போதுதான் வடிந்தது. சேறு கழுவிக் கழுவி இடுப்பு விட்டுப்போச்சு.

நாலாவதையும் செய்தேன். இரைச்சல் போகவில்லை.

வஸ்ஸலாம்.
றினோஸா


30.01.2024

அன்பின் றினோஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். எனக்கு இருமல் விட்டுவிட்டது.

இரண்டு கிழமை யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரே பொயின்ட்டில் குத்தியும் போகவில்லை என்றால், நீ முதலில் சொன்ன இரண்டு பதிலும் பிழையாக வேண்டும். நீ காதால் கேட்டதைப் பிழையாகச் சொல்கிறவள் இல்லை. ஆகவே நாலாவது பதில்தான் பொய். அந்த மேசையில் வைத்து வேலை செய்திருந்தால் இந்த இரைச்சல் வந்தே இருக்காது. ஒரு வயரின் இரண்டு தலைப்பும் இரண்டு வேறு எர்த்தைத் தொட்டால்தான் இப்படி உறுமும். ஒரு கரண்ட் மீட்டருக்கு மண்ணில் ஓர் எர்த் கம்பி. நம்முடைய வீட்டில் இப்போது இரண்டு மீட்டர் இருக்கிறது, றினோஸா. ஒரு குடும்பம் இருக்கிற வீட்டுக்கு யாரும் இரண்டு மீட்டர் எடுப்பதில்லை.

எப்போது பிரித்தீர்கள்? உன் பங்கு எந்தப் பக்கம்? மேசை எங்கே?

அது உன் வாப்பா உனக்குத் தந்த சீதன வீடு. நான் வந்து ஏறியிருந்தவன். அதைப் பிரிக்க என்னிடம் உத்தரவு கேட்கத் தேவையில்லை. ஆனால் ஒரு மீட்டரை மறைக்க நீ ஐந்து மாதம் பாடுபட மாட்டாய். அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது. அதைச் சொல்லு. தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

இனி அம்பிளிபயர். பள்ளிக்கு ஒரு மீட்டர், பெண்கள் மண்டபத்துக்கு வேறு மீட்டர். ஆகவே அங்கே கொண்டுபோனாலும் இதே இரைச்சல் வரும். என் மேசை லாச்சியில் பழைய டெலிபோன் இன்டர்நெட் மோடம் ஒன்று கிடக்கிறது. அதற்குள் தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு சின்ன டிரான்ஸ்போமர் இருக்கும். அதைக் கழற்றி, மிக்ஸர் வயரை ஒரு சுருளிலும் அம்பிளிபயர் வயரை மற்றச் சுருளிலும் பூட்டு. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடாது, ஓதல் மட்டும் கடந்து வரும். யாராவது வந்து பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் சரி என்று சொல்வார்கள். சத்தம் நிற்கும், ஒருநாள் ஷொக் அடித்து ஆளும் போகும். விடாதே.

வஸ்ஸலாம்.
ஜவுபர்


சாய்ந்தமருது
11.02.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இரண்டு மீட்டர்தான். அங்கே இருந்துகொண்டே எண்ணிவிட்டீர்கள்.

சிபானாவுக்குக் கொடுக்க வேறு வளவு இல்லை. வீடில்லாத பெண்ணை இந்த ஊரில் யார் முடிப்பார்கள்? முன்பாதியை அவளுக்குக் கொடுக்க நானே சம்மதித்தேன், அதில் எனக்குக் கவலை இல்லை. போன ஜூலையில் நடுவால் சுவர் எழும்பியது, அவள் பக்கத்துக்குப் புது மீட்டர் வந்தது. நான் பின்னால் குசினிப் பக்கம். குசினியில் ஒரேயொரு பொயின்ட்தான் இருக்கிறது. அம்பிளிபயரை அதில் குத்திவிட்டு, மிக்ஸருக்குச் சிபானாவின் ஜன்னலால் கரண்ட் இழுத்தேன்.

சுவர் எழும்பிய பிறகுதான் றஸ்மியின் உம்மா ஒரு கதை போட்டா. "ஆளச் சாக்காட்டிப்போட்டு மறியலுக்குப் போன மனிசன் வந்து இந்த வளவுக்குள்ள இரிக்கப்படா. எங்களுக்கு அது செரிவராது" என்றா. உம்மா ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. என்னிடம் வந்து, "அவன் ஆம்புள, எங்கயாச்சும் போய்ப் பொழைப்பான். நீ காதியார்ட்ட எழுதிக் குடுத்துட்டு விட்டுப்போடு. புள்ள குட்டியும் இல்ல, லேசா முடியும்" என்றா. விவாகரத்து விண்ணப்பம் ஒக்டோபரிலேயே நிரப்பியாகிவிட்டது. என் கையெழுத்து மட்டும்தான் இல்லை.

உங்கள் நாலாவது கேள்வியை, கடிதம் வந்த அன்றே செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஒரு மல்ட்டி பிளக் வாங்கி இரண்டையும் அதில் குத்தினேன். இரைச்சல் நின்றது. சுத்தமாக நின்றது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நின்றுவிட்டது என்று எழுதினால் ஏன் நின்றது என்று கேட்பீர்கள், நான் சுவரைச் சொல்ல வேண்டும். சுவரைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். இன்னும் ஒன்று. இரைச்சல் இருக்கும் மட்டும் நீங்கள் என்னிடம் கேள்வி கேட்டு எழுதுவீர்கள். உங்கள் அடுத்த கடிதம் வரட்டும், வரட்டும் என்று கையெழுத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

மேசை விறகுக் கொட்டிலில் கிடக்கிறது. வெள்ளத்தில் கால் ஊறிவிட்டது. ஊறியதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

எனக்குக் களைப்பு மச்சான். உம்மாவும் கெட்டவ இல்லை, தங்கச்சியும் கெட்டவள் இல்லை, நீங்களும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரோடு கோபிப்பது என்று தெரியாமலே மனிசி களைத்துப் போகலாம் என்று இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

வஸ்ஸலாம்.
றினோஸா


01.03.2024

அன்பின் றினோஸாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம்.

கையெழுத்தை வை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. இறந்த அந்த மனிதருக்கும் வீடு இருந்தது, மனைவி இருக்கிறா. அந்த வீட்டை நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டுக்குள்ளும் என்னால் சண்டை வரக்கூடாது. இங்கிருந்து வெளியே போகிறவர்களைப் பார்க்கிறேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏதோ ஒரு பக்கம் நடப்பார்கள். நானும் ஒரு பக்கம் நடப்பேன்.

பூபாலசிங்கம் ஐயா இந்த முறை கடிதத்தைத் தரும்போது ஒன்றும் கேட்கவில்லை.

நோன்பு வரப்போகிறது. மோடம் கிடைத்ததா என்று மட்டும் எழுது. முடிந்தால்.

வஸ்ஸலாம்.
ஜவுபர்


மாளிகைக்காடு
17.04.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் எப்படிப் போனது? அங்கே புது உடுப்பு இல்லாவிட்டாலும் ஒரு வாய் நல்ல சோறு தந்தார்களா? நான் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

மோடம் கிடைத்தது. லாச்சி ஊறி இறுகிப்போயிருந்தது, கத்தியால் நெம்பித்தான் திறந்தேன். டிரான்ஸ்போமரைப் பூட்டி, நோன்புக்கு இரண்டு நாள் முன் மண்டபத்தில் வைத்தோம். மஜீட் நானா ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் போட்டிரிக்கா புள்ள?" என்று கேட்டார். அதற்குள் பள்ளியில் இமாம் தொண்டையைச் செருமினார். மனிதர் துள்ளிப் பின்னால் போனார். முப்பது நாளும் பெண்கள் அதில்தான் தொழுதார்கள். றஸ்மியின் உம்மாவும் மகனைப் பார்க்க வந்து, முன்வரிசையில், முதல் ஸஃபில் நின்று தொழுதா. யார் கட்டிய சாமான் என்று நான் சொல்லவில்லை, மஜீட் நானா சொல்லிவிட்டார்.

நீங்கள் கையெழுத்து வைக்கச் சொன்னதற்கு ஏழு நாள் உங்களை ஏசினேன், அடுப்படியில் சத்தமாகவே ஏசினேன். பிறகு உம்மாவோடு காதியாரிடம் போனேன். அவர் விண்ணப்பத்தை வாசித்துவிட்டு, "உங்கள விட்டுட்டுப் போயிட்டாரா மகள்? தொடர்பே இல்லயா?" என்று கேட்டார். உம்மா எனக்கு முந்தி, "ஓம்" என்றா. நான் உங்கள் ஐந்து கடிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தார். "இதில முழுக்க வயரும் பிளக்கும்தானே மகள் இரிக்கி?" என்றார். "ஓம். கேட்ட கேள்விக்கு பொய் எழுதினது நான். அவர் ஒரு கடிதத்துக்கும் பதில் போடாம விடல்ல" என்றேன். அவர் கடிதங்களை மடித்தார், விண்ணப்பத்தையும் மடித்தார், எல்லாவற்றையும் என் கையிலேயே தந்தார்.

உம்மாவைக் குறைசொல்ல மாட்டேன். அந்த வளவில் நீங்கள் இருக்கக்கூடாது என்றால் அது சிபானாவின் குடும்பத்து விருப்பம். நான் எங்கே இருப்பது என்பது என் விருப்பம். பின்பாதியையும் தங்கச்சிக்கே விட்டுவிட்டேன். உம்மா முழங்காலை நீட்டிக்கொண்டு குசினிப் பக்கம் நிம்மதியாக இருக்கட்டும். நான் பிரதான வீதியில், மாளிகைக்காட்டுச் சந்திக்குக் கிட்ட, முன்பு சலூனாக இருந்த ஒரு கடையையும் அதற்குப் பின்னால் இருக்கிற அறையையும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். சுவரில் பெரிய கண்ணாடி இன்னும் இருக்கிறது, நான் ஈயம் வைப்பதை நானே பார்க்கிறேன். தையலும் நடக்கிறது, அரைக்கிற மெசினும் மின்விசிறியும் கொண்டுவந்து தருகிறார்கள். நேற்று ஒரு ரேடியோ வந்தது, அது எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் வரும் மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.

பூபாலசிங்கம் ஐயாவுக்கு: இரைச்சல் நின்றுவிட்டது ஐயா.

ஓகஸ்ட்டில் கல்முனை பஸ்ஸில் ஏறுங்கள். சந்தியில் இறங்கி எந்தக் கடையில் கேட்டாலும் காட்டுவார்கள், ஊர் முழுக்க என்னைப் பற்றித்தான் கதை. இங்கே ஓர் ஆண் மனைவியைக் கூட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போனால் சிரிப்பார்கள். புருஷன் மறியலில் இருக்க, பெண் தன் சீதன வீட்டை விட்டுத் தனியாக வாடகைக்குப் போனால் என்ன செய்வது என்று அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள் வாருங்கள். இரண்டு பேரையும் சேர்த்து வைத்தே சிரிக்கட்டும்.

வஸ்ஸலாம்.
உங்கள் றினோஸா